முறுக்கு என்கிற பிஜூ

மூலக்குளம்
5 ஜனவரி 2026

யூஜின் சார்,

முந்தின வருஷம் புயல் மழையில் உங்கள் கேட்டுக்கு முன்னால் நின்று நான் கத்தியபோது, "எதுவானாலும் எழுதிக் குடுங்கம்மா, வாசல்ல நின்னு பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அரசாங்க ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இன்றைக்கு எழுதித்தான் கொடுக்கிறேன்.

உங்கள் மனையில் மண்ணடித்து மேடாக்கி, உங்கள் வீட்டு மழைத் தண்ணீர் முழுவதையும் என் சமையலறைக்குள் விட்டீர்களே, இந்தக் கடிதம் அதைப் பற்றியது இல்லை. அது தனியாக இருக்கிறது, மறக்கவில்லை. இது நாய் விஷயம்.

அடுத்த மாதம் கடற்கரைச் சாலையில் ஒரு நடைப் போட்டி வைத்திருக்கிறார்கள். அடிபட்ட தெருநாய்களை ஏற்றிப் போக ஒரு வண்டி வாங்குவதற்காக. ஆளுக்கு ஒரு நாயோடு இரண்டு சுற்று நடக்க வேண்டும். நான் என் முறுக்கைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் லெமன் ஸ்பூனுக்குக்கூட நின்றவள் இல்லை, இதுதான் முதல் போட்டி. சேதராப்பட்டில் என் கம்பெனி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஏற்பாடு செய்கிற அந்த சுமலதா போன் பண்ணுகிறார். "மேடம், உங்க நாய் போட்டோவும் பக்கத்து வீட்டு சார் அனுப்பின போட்டோவும் அச்சு அசலா ஒண்ணா இருக்கே, ரெண்டும் ஒரே ஈத்துல பொறந்ததா?" என்று கேட்கிறார். டேபிள் முழுக்கச் சிரிக்கிறார்கள்.

வால் முறுக்கு மாதிரி சுருண்டு, இடது காது கிழிந்து, நெஞ்சில் வெள்ளைத் திட்டு உள்ள நாய் மூலக்குளத்தில் எத்தனை இருக்கிறது சார்? அது என் நாய். என் வாசலில் தூங்குகிறது. தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் ஓடும்போது கூடவே மெயின் ரோடு வரை ஓடி வருகிறது. ராத்திரி மீன் தலை போட்டுச் சோறு பிசைந்து வைப்பது நான். மரியாதையாக உங்கள் பெயரை வாபஸ் வாங்குங்கள்.

கலைவாணி


மூலக்குளம்
6 ஜனவரி 2026

பொருள்: பிஜூ என்னும் நாயின் உரிமை தொடர்பாக.
பார்வை: தங்களின் நேற்றைய கடிதம்.

திருமதி கலைவாணி அவர்களுக்கு,

தாங்கள் குறிப்பிடும் நாயின் பெயர் பிஜூ. பிரெஞ்சில் நகை என்று பொருள். மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்த குட்டிக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான். தாங்கள் சேதராப்பட்டுக்குப் புறப்பட்ட மறுநிமிடம் அது என் வராந்தாவுக்கு வந்து, என் நாற்காலிக்கு அடியில் மாலை வரை படுத்திருக்கிறது. தாங்கள் பகலில் வீட்டில் இல்லாததால் இது தங்கள் கவனத்துக்கு வரவில்லை போலும். "அஸ்ஸி" என்றால் உட்காரும், "அலே" என்றால் நடக்கும். முறுக்கு என்று அழைத்து அது உட்கார்ந்ததாகத் தாங்கள் எழுதவில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

தடுப்பூசி அட்டை என் பெயரில் உள்ளது. காலையில் பாலில் நனைத்த ரொட்டியும் சிறிது வெண்ணெயும் கொடுக்கிறேன். மேலும், விஷமிகள் யாரோ அதன் கழுத்தில் அடிக்கடி ஒரு சிவப்பு பெல்ட்டைக் கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கழற்றிக் குப்பையில் போட்டு வருகிறேன்.

ஆகவே தாங்களே விலகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யூஜின்


மூலக்குளம்
7 ஜனவரி 2026

யூஜின் சார்,

அந்த விஷமி நான்தான். ஒவ்வொரு பெல்ட்டும் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதை எவனோ குடிகாரன் அவிழ்த்துப் போகிறான் என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

தடுப்பூசி அட்டை என்னிடமும் இருக்கிறது. அப்படியென்றால் இந்த நாய்க்கு எல்லா ஊசியும் இரண்டு முறை போட்டிருக்கிறோம். இது நினைவிருக்கட்டும்.

இப்போது வெண்ணெய்க்கு வருகிறேன். தீபாவளிக்குப் பிறகு முறுக்கை டாக்டரிடம் கொண்டுபோனேன். "இது நாயா, பன்னிக்குட்டியா? சோத்தக் கொறைங்க" என்றார். பாதியாகக் குறைத்தேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது. காலையில் ஒன்றுமே வைப்பதில்லை என்று நான் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறேன், அந்த டாக்டர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். ராத்திரி அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டை நக்கும், நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே போவேன். பாவம் பட்டினி கிடக்கிறதே என்று எனக்குத் தூக்கம் வராது. அது பட்டினியே கிடக்கவில்லை! காலையில் பக்கத்து வீட்டில் வெண்ணெய் தின்றுகொண்டிருந்திருக்கிறது!

என் வீட்டுக்காரர் வெற்றிவேல் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் விலக முடியாது. கம்பெனியில் நாயின் படம் போட்ட பனியன் அடித்து வைத்திருக்கிறார்கள்.

கலைவாணி


மூலக்குளம்
10 ஜனவரி 2026

பொருள்: மேற்படி நாய்.
பார்வை: தங்களின் 7-ஆம் தேதிக் கடிதம்.

திருமதி கலைவாணி அவர்களுக்கு,

தங்கள் கடிதங்களைப் படம் எடுத்து, லியோனில் இருக்கும் என் மகள் மெரினுக்கு அனுப்பிவிட்டேன். ஓர் ஓய்வு பெற்ற அதிகாரிக்கு எந்தத் தொனியில் கடிதம் வருகிறது என்பதை அவளும் அறியட்டும்.

என்னையும் மருத்துவர் அதே கேள்வி கேட்டார். நானும் வெண்ணெயைக் குறைத்தேன். நாய் குறையவில்லை. தைராய்டு இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனை செய்தேன். தங்கள் மீன் தலைகள்தாம் காரணம் என்பது இப்போது தெரிகிறது.

இனி எழுதப்போவதை நான் எழுத விரும்பவில்லை. ஆயினும் தாங்கள் பனியனைக் காரணம் காட்டுவதால் எழுத நேர்கிறது. சென்ற ஆண்டு எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அக்டோபரில் குளியலறையில் விழுந்தேன். மெரின் அன்றிலிருந்து ஒரே பேச்சு. "தனியா இருந்தது போதும்ப்பா, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துடுங்க." மார்ச்சில் எனக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டாள். லியோனில் அவர்கள் குடியிருப்பது ஐந்தாம் மாடி. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். போய்ப் பார்த்தவன் சொல்கிறேன்.

நான் இந்த ஊரில் பிறந்தவன். இந்த வீட்டில், என் நாற்காலியில் இருக்க விரும்புகிறேன். ஆகவே அவளிடம் ஒரு பந்தயம் கட்டினேன். கடற்கரைச் சாலையில் இரண்டு சுற்றும் நடந்து முடித்து, கழுத்தில் பதக்கத்தோடு படம் அனுப்புவேன். அனுப்பினால் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும். முடிக்க இயலாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் விமானம் ஏறுவேன். அவளும் ஒப்புக்கொண்டாள்.

நாய் இல்லாமல் நடந்தால் நான் தெருமுனையிலேயே திரும்பிவிடுகிறேன். அது கூட வந்தால் பால் பூத் வரை போகிறேன். விஷயம் இவ்வளவுதான்.

யூஜின்


மூலக்குளம்
11 ஜனவரி 2026

யூஜின் சார்,

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாமே! "பொருள், பார்வை" என்று இழுத்துக்கொண்டு, கடைசியில் போய் இதைச் சொன்னால் நான் என்ன செய்வது? உங்களோடு சண்டை போடவும் ஒரு முறை வேண்டாமா?

சுமலதாவிடம் போன் பண்ணி என் பெயரை எடுத்துவிட்டேன். பனியனை நான் போட்டுக்கொள்ளப் போவதில்லை, வெற்றிவேல் பைக் துடைக்கட்டும். ஆனால் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை.

வெண்ணெய் அடியோடு நிற்க வேண்டும். நானும் மீன் தலையை நிறுத்துகிறேன். காலையில் நீங்கள் நடத்துங்கள், சாயங்காலம் கம்பெனி விட்டு வந்து நான் நடத்துகிறேன். இந்த உடம்போடு அது ஒரு சுற்றுகூடத் தாங்காது. அப்புறம், நெஞ்சில் கட்டுகிற அட்டையில் முறுக்கு என்றுதான் பெயர் போட வேண்டும். பிஜூ கிஜூ எல்லாம் வேண்டாம்.

உங்கள் மகளுக்குக் கடிதத்தை அனுப்பினால் எனக்கென்ன? இதையும் அனுப்புங்கள். மெரின், உங்க அப்பா எங்க வீட்டுக்குள்ள தண்ணி விட்டவரு, அதையும் தெரிஞ்சுக்கோங்க.

கலைவாணி


மூலக்குளம்
19 ஜனவரி 2026

பொருள்: பயிற்சி அறிக்கை.

திருமதி கலைவாணி அவர்களுக்கு,

தங்கள் முடிவுக்கு நன்றி. மெர்சி என்று சொல்வதே எங்கள் வழக்கம்.

பெயர் குறித்து: அரசு ஆவணங்களில் ஒருவருக்கு இரு பெயர் இருந்தால் "என்கிற" என்று சேர்ப்பது முறை. அதன்படி "முறுக்கு என்கிற பிஜூ" என்று பதிவு செய்துள்ளேன்.

பொங்கல் விடுமுறை நீங்கலாகத் தினமும் நடந்தோம். தற்போது பால் பூத் தாண்டி, வில்லியனூர் சாலைத் திருப்பம் வரை போய் வருகிறோம். ஆனால் தங்கள் மாலைப் பயிற்சி எனக்குப் பெரும் இடைஞ்சலாக இருக்கிறது. தாங்கள் பஸ்ஸுக்கு ஓடும் வேகத்தில்தான் அது நடை என்பதையே அறிந்திருக்கிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அதன் பின்னால் பறக்கிறேன். நேற்று இஸ்திரிக்காரர் கன்னியப்பன் தம் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்து என்னைப் பிடித்தார். "சார், நீங்க நாய நடத்துறீங்களா, நாய் உங்கள நடத்துதா?" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். தயவுசெய்து அதை மெதுவாக நடக்கப் பழக்கவும்.

யூஜின்


மூலக்குளம்
24 ஜனவரி 2026

யூஜின் சார்,

நான் ஓடப் பழக்கினேனா? நீங்கள் உட்காரப் பழக்கியிருக்கிறீர்கள்! சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் பொத்தென்று உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. முதலில் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. அந்த இடத்தில் எல்லாம் நீங்கள் நின்று மூச்சு வாங்குகிறீர்கள். நீங்கள் நின்றால் அது உட்காரும். இத்தனை கம்பத்தில் மூச்சு வாங்குகிறவர் அறிக்கையில் அதை ஏன் எழுதவில்லை? பால் பூத் தாண்டினோம் என்று மட்டும் வருகிறது.

அடுத்து வெண்ணெய். நாய்க்கு நிறுத்திவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன், இளைத்திருக்கிறது. ஆனால் கடைக்காரர் ஹரிகிருஷ்ணன், "சாருக்கு வாரா வாரம் வெண்ண பாக்கெட் போவுதே" என்கிறார். நாய் தின்னவில்லை என்றால் யார் தின்கிறார்கள்? ஸ்டென்ட் வைத்த ஆள் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்பதற்கா டாக்டர் இவ்வளவு பாடுபட்டார்?

வியாழக்கிழமை காலையில் உங்கள் வீட்டு மோட்டார் ஓடவில்லை. எப்போதும் நான் டிபன் பாக்ஸ் மூடும்போது ஓடும். அன்றைக்குச் சத்தமே இல்லை. வெற்றிவேலை மாடிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன், ஒன்றும் தெரியவில்லை என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன். பஸ் போய்விட்டது. அப்புறம் பார்த்தால் நீங்கள் பேப்பரை மடக்கிக்கொண்டு சாவகாசமாக வெளியே வருகிறீர்கள்! அரை நாள் சம்பளம் போனது எனக்கு. நேரம் கழித்து எழுந்திருப்பதாக இருந்தால் முந்தின நாளே ஒரு வரி எழுதிப் போடுங்கள். எதற்கெல்லாமோ எழுதுகிறீர்களே.

கலைவாணி


மூலக்குளம்
6 பிப்ரவரி 2026

பொருள்: ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி.

கலைவாணி அம்மா அவர்களுக்கு,

மோட்டார் விஷயத்தில் மேற்கொண்டு கருத்து இல்லை. வெண்ணெய் நிறுத்தப்பட்டது.

நாளை மறுநாள் காலை காந்தி சிலைக்கு அருகே தொடங்குகிறார்கள். கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதற்கு முன் முடித்துவிட வேண்டுமாம். இப்போது நாங்கள் ஓரளவு ஒரே வேகத்தில் நடக்கிறோம். மருத்துவரிடம் காட்டினேன், மெதுவாக நடந்தால் ஆட்சேபம் இல்லை என்றார். கம்பங்களில் இப்போது ஒன்றுவிட்டு ஒன்றில்தான் நிற்கிறேன். தாங்கள் விசாரித்துத் தெரிந்துகொள்வீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வேண்டுகோள். தாங்கள் அங்கே வர வேண்டாம். இதில் மனத்தாங்கல் ஏதும் இல்லை. தங்களைக் கண்டால் அது பஸ்ஸுக்கு ஓடுவதாக நினைத்து இழுத்துவிடும். என் வயதில் கடற்கரையில் ஊர் பார்க்க விழ நான் தயாரில்லை.

எனக்கு இது முதல் போட்டி. எழுபது வயதில் இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

யூஜின்


மூலக்குளம்
7 பிப்ரவரி 2026

யூஜின் சார்,

நான் ஏன் வருகிறேன்? ஞாயிறு ஒரு நாள்தான் எனக்குக் கால் நீட்டிப் படுக்கக் கிடைக்கிறது. விடியற்காலையில் எழுந்து அரியாங்குப்பம் ஆட்களும் ஆரோவில் ஆட்களும் நாய் பிடித்துக்கொண்டு போவதை வேடிக்கை பார்க்க எனக்கு என்ன வேண்டுதலா?

முறுக்கை இன்று குளிப்பாட்டிவிட்டேன். சிவப்பு பெல்ட் கட்டியிருக்கிறேன், குப்பையில் போடாதீர்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கினால் வீம்புக்கு நடக்காதீர்கள். ராத்திரிச் சாப்பாடு இறங்காமல் இருக்க இது என்ன கலெக்டர் பரீட்சையா?

நான் வர மாட்டேன்.

கலைவாணி


மூலக்குளம்
9 பிப்ரவரி 2026

பொருள்: தங்கள் வாக்குறுதி மீறல்.
பார்வை: தங்களின் 7-ஆம் தேதிக் கடிதம், கடைசி வரி.

திருமதி கலைவாணி அவர்களுக்கு,

தாங்கள் வந்தீர்கள்.

முதல் சுற்றை நன்றாகவே முடித்தோம். பழைய சாராய ஆலை வரை போய்த் திரும்பும்போது காற்றுகூட எங்களுக்குச் சாதகமாக இருந்தது. இளைஞர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், போகட்டும். சுமலதா கை தட்டினார். இரண்டாம் சுற்றில் பழைய கலங்கரை விளக்கத்தை நெருங்கும்போது, கடல் பக்கத்துக் கட்டைச் சுவரில், முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். மடியில் டிபன் பாக்ஸ். துப்பட்டாவை எனக்காக மூடினீர்களா, நாய்க்காக மூடினீர்களா? அது முகத்தைப் பார்த்தா ஆளை அடையாளம் காணும்?

இழுத்துக்கொண்டு தங்களிடம் ஓடியது. நான் கூப்பிட்டதும் என்னிடம் வந்தது. பிறகு மீண்டும் தங்களிடம். தாங்கள் எழுந்து அப்பால் போய் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தீர்கள். உடனே அது ஊளையிட ஆரம்பித்தது. கடைசியில் நம் இருவருக்கும் சரிபாதியில், நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. அது நம்மிடம் வந்த நாள் முதல் நம் இருவரையும் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பகலில் நான், இரவில் தாங்கள். கிடைத்த இரண்டையும் விட்டுவிட்டு நகர அதற்கு மனம் இல்லை. "அலே" என்றேன், "வாடா" என்றீர்கள், பிஸ்கட் காட்டினார்கள். அசையவில்லை. தூக்கவும் முடியவில்லை, அதற்கு நாம் இருவருமே பொறுப்பு.

பிறகு போலீஸ்காரர் விசில் ஊதினார். சாலையில் வண்டிகளை விட்டுவிட்டார்கள். காந்தி சிலை என் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. நான் முடிக்கவில்லை.

தாங்கள் வராமல் இருந்திருந்தால் முடித்திருப்பேன். இது என் வீடு, என் ஊர் சம்பந்தப்பட்டது என்று எழுதியிருந்தேன். மெரினிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மார்ச்சில் புறப்படுகிறேன். நாய் இனித் தங்களுடையது. தடுப்பூசி அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

யூஜின்


மூலக்குளம்
10 பிப்ரவரி 2026

யூஜின் சார்,

ஆமாம், வந்தேன். வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் வராமல் என்ன செய்வேன்? வெறும் வயிற்றோடு நடந்து எங்கேயாவது விழுந்து கிடந்தால் யார் தூக்குவது என்று இட்லி கட்டிக்கொண்டு வந்தேன். முதல் பஸ் பிடித்து வந்தேன். தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் மூஞ்சியை மூடினேன்.

முடித்திருப்பேன் என்கிறீர்கள். உங்கள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? வெளுத்துப்போய், வாய் திறந்து, ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தீர்கள். நாய் உட்கார்ந்ததால்தான் நீங்களும் சுவரில் உட்கார்ந்தீர்கள், இட்லி தின்றீர்கள். மூன்றாவது இட்லி தின்ற பிறகுதான் என்னைத் திட்டவே உங்களுக்குத் தெம்பு வந்தது. அதை எழுதவில்லையே!

ஆனால் நீங்கள் சொல்வதும் நிஜம்தான். நான் வராமல் இருந்தால் நிதானமாக முடித்திருப்பீர்களோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை நினைத்து நினைத்து எனக்குத் தலை வெடிக்கிறது. கம்பெனியில் வேலை ஓடவில்லை. உங்கள் மேல் கோபமா, என் மேல் கோபமா, அந்த நாய் மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு எதற்கு? நான் பஸ் ஏறின பிறகு அது யார் நாற்காலிக்கு அடியில் படுக்கும்? பூட்டின வீட்டு வராந்தாவில் படுத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் வந்து நான் அதன் மூஞ்சியில் எப்படி முழிப்பது? காலையில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை என்றால் நான் யாரைத் திட்டுவது? லியோனுக்குப் போகிறாராம், லியோனுக்கு. ஐந்தாம் மாடியில் யார் உங்களை வெண்ணெய் தின்னாதே என்று சொல்லப்போகிறார்கள்?

போகாதீர்கள் சார். இதை எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கலைவாணி


மூலக்குளம்
15 பிப்ரவரி 2026

கலைவாணி அம்மாவுக்கு,

பொருள் என்ன என்று போடத் தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

தங்கள் கடிதத்தை வழக்கம்போல மெரினுக்கு அனுப்பினேன். உண்மையில் புகாராகத்தான் அனுப்பினேன், தோற்றவனிடம் என்ன பேச்சு பேசுகிறார்கள் பார் என்று. இன்று நான் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவள் போன் செய்தாள். டிக்கெட் விவரம் சொல்லப்போகிறாள் என்று பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா, அந்த அக்கா கடிதாசி எல்லாத்தையும் மொதல்ல இருந்து மறுபடி படிச்சேன். நீங்க எந்தக் கம்பத்துல நின்னு மூச்சு வாங்குறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுது. வெண்ண தின்னது தெரியுது. ஒரு நாள் மோட்டார் ஓடலன்னா வேலைக்குப் போவாம வாசல்ல நிக்கிறாங்க. இது எதுவுமே எனக்குத் தெரியாது, நீங்களும் சொல்லல. தெனமும் போன் பண்ணி சாப்ட்டீங்களான்னு கேட்டா ம்னு சொல்றீங்க. நீங்க தனியா இருக்கீங்கன்னுதான் நான் பயந்தேன். இப்படித் திட்டுறதுக்கு ஒரு ஆள் பக்கத்துல இருந்தா அதுக்குப் பேரு தனியா இருக்கறதா?"

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். ஜூலையில் அவளே வருகிறாள். தங்களைப் பார்க்க வேண்டுமாம்.

போன் வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிஜூ அடியில் படுத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. மெர்சி.

பதக்கம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு சான்றிதழ் தருகிறார்கள், "முறுக்கு என்கிற பிஜூ" என்று பெயர் போட்டிருக்கிறது. அதைத் தங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. மழைத் தண்ணீர் விஷயம் தங்கள் கடிதங்களில் தனியாக இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. என் மனையின் ஓரமாகக் கால்வாய் வெட்டித் தண்ணீரைத் தெருச் சாக்கடைக்கு விட ஆள் பிடித்து, நேற்றே வெட்டியாகிவிட்டது. தாங்கள் கம்பெனியில் இருந்ததால் சொல்ல இயலவில்லை.

யூஜின்


மூலக்குளம்
15 பிப்ரவரி 2026, சாயங்காலம்

யூஜின் சார்,

கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். வெற்றிவேல் பயந்துபோய், "யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்கிறார். ஒன்றும் ஆகவில்லை, வெங்காயம் உரித்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். மெரினிடம் சொல்லுங்கள், அவர் நினைக்கிற மாதிரி நான் ஒன்றும் நல்லவள் இல்லை. எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான். ஜூலையில் வந்தால் மத்தி மீன் குழம்பு வைக்கிறேன், சாப்பிடுவாரா கேளுங்கள்.

கால்வாயை மாடியில் இருந்து பார்த்தேன். யார் சார் அதை வெட்டியது? சாய்வு முழுக்க என் சுவர்ப் பக்கம் இருக்கிறது! தெருச் சாக்கடைப் பக்கம் மேடாக இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டாமா? அடுத்த மழைக்குத் தண்ணீர் நேரே என் சமையலறைக்கு வரும், இந்த முறை வழி தெரிந்துகொண்டு வரும். இத்தனை வருஷம் ஆபீசில் என்னதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள்?

இதையெல்லாம் எழுதி மாளாது. எனக்குக் கை வலிக்கிறது. நாளைக் காலையில் பஸ்ஸுக்கு முன்னால் முறுக்கோடு வருகிறேன். கேட்டைத் திறந்து வையுங்கள். வாசலில் நின்றுதான் பேசுவேன்.

கலைவாணி